நெய்வேலிக்கு முன்னால் ஒரு நெய்வேலி

பண்ருட்டியிலிருந்து வடலூர் போகும் பேருந்தில் ஆர்ச் கேட் வந்ததும் நடத்துநர் "நெய்வேலி" என்று குரல் கொடுப்பார். இறங்குகிறவர்கள் போவது டவுன்ஷிப்புக்கு. அகலமான சாலைகள், இருபுறமும் மரங்கள், எண்ணிட்ட வட்டங்கள், ஒரே அச்சில் வார்த்தது போன்ற குடியிருப்புகள். இந்தப் பெயருக்கு முதலில் சொந்தமாயிருந்த ஊர் இதுவல்ல. அது தென்னார்க்காட்டின் செம்மண் மேட்டில் இருந்த ஒரு சிற்றூர். முதல் சுரங்கமும் நகரியமும் எடுத்துக்கொண்ட பரப்புக்குள் அது கரைந்துவிட்டது. ஊர் போனது, பெயர் தங்கியது. அந்தப் பெயர் இன்று ஒரு நகரத்துக்கும் ஒரு தொகுதிக்கும் ஒரு பெருநிறுவனத்தின் கதைக்கும் உரியதாகிவிட்டது.

நெய்வேலியின் வரலாற்றை எழுதியவர்கள் அநேகமாக எல்லோரும் 1934ஆம் ஆண்டு வாக்கில், நிலக்கிழார் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் ஊற்றுக்கிணறு இறக்கியபோது கறுப்புத் துகள் மேலே வந்ததிலிருந்து தொடங்குகிறார்கள். அவர் செய்தது பெரிய காரியம்தான். ஆனால் கிணறு தோண்டுவதற்கு அங்கே ஒரு நிலம் இருந்தது, நிலத்தைச் சுற்றி ஊர் இருந்தது, ஊரைச் சுற்றி வேறு ஊர்கள் இருந்தன. நிலக்கரியிலிருந்து கதையைத் தொடங்கினால், அந்த ஊர்களெல்லாம் நிலக்கரிக்கு மேலே கிடந்த மண்ணாகிவிடுகின்றன. சுரங்கத் தொழிலில் கரிக்கு மேலே கிடப்பதற்கெல்லாம் 'மேல்மண்' என்று பெயர். அகற்ற வேண்டியது என்பதைத் தவிர அந்தச் சொல்லில் வேறு பொருள் இல்லை. வரலாற்றிலும் அந்த ஊர்களை அப்படியே நடத்திவிட்டோம் என்பதுதான் என் குறை.

அந்த ஊர்களைப் பற்றி இன்று என்ன தெரிந்துகொள்ள முடியும்? முதலில் பெயர்களைக் கேட்க வேண்டும். இந்த வட்டாரத்தின் ஊர்ப்பெயர்கள் நன்றாகவே பேசுகின்றன. மந்தாரக்குப்பம், தாண்டவன்குப்பம் என்று குப்பங்கள். கடற்கரையில் குப்பம் என்றால் மீனவர் ஊர். இங்கே உள்நாட்டில் சிறு குடியிருப்பு எதற்கும் அதே சொல் வழங்கும். வில்லுடையான்பட்டு போல 'பட்டு' என்று முடிபவை. ஆதண்டார்கொல்லை, மணக்கொல்லை போலக் 'கொல்லை' என்று முடிபவை. வேறு இடங்களில் கொல்லை என்றால் வீட்டின் பின்புறம். நடுநாடு எனப்படும் இந்த வட்டாரத்தில் அது மழையை நம்பி விதைக்கும் புன்செய் நிலம். மணக்கொல்லைக்காரரான எழுத்தாளர் கண்மணி குணசேகரன் 'நடுநாட்டுச் சொல்லகராதி' தொகுத்தார். இப்படிப்பட்ட சொற்களை அகராதியில் ஏற்றியது, நிலத்தின் ஆவணத்தைக் காப்பாற்றியதற்குச் சமம். கொல்லை என்ற ஒரு சொல்லே இங்கே ஆறு பாய்ந்த வயல்வெளி இல்லை, ஏரியும் மழையும் கிணறும்தான் விவசாயம் என்பதைச் சொல்லிவிடுகிறது. கம்பு, வரகு, மல்லாட்டை என்று இங்கே சொல்லும் மணிலாக்கொட்டை, மேட்டில் முந்திரி, வீட்டோரம் பலா. பண்ருட்டிச் சந்தைக்குப் பெயர் வாங்கித் தந்த அதே செம்மண் இது.

நெய்வேலி என்ற பெயரிலும் யோசிக்க இடமுண்டு. வேலி என்பது பழைய நில அளவு. 20 மா சேர்ந்தால் ஒரு வேலி, இன்றைய கணக்கில் ஏறத்தாழ 6.67 ஏக்கர். சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயில் விளக்குக்கு நெய் வார்க்க நிலமும் ஆடும் விட்ட செய்திகள் நிறைய உண்டு. நெய்யும் வேலியும் சேர்ந்த இந்தப் பெயர் அப்படி விளக்குக்கு விட்ட நிலத்தைக் குறித்திருக்கலாம் என்று நினைக்கத் தோன்றுகிறது. இது என் ஊகம்தான். ஆனாலும், பின்னாளில் மாநிலத்துக்கே விளக்கேற்றிய ஊரின் பெயரை உச்சரிக்கும்போது இந்த நினைப்பு வந்து போகாமல் இருப்பதில்லை.

கதையைக் கரியிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது தண்ணீர். கடலூர் மணற்கல் என்று நிலவியலாளர்கள் சொல்லும் படிவத்தின் அடியில் அழுத்தத்தோடு நீர் தேங்கியிருக்கிறது. குழாய் இறக்கினால் பம்பு இல்லாமலே மேலே பொங்கும். ஆர்டீசியன் ஊற்று என்பது அதுதான். புதுச்சேரி வட்டாரத்திலும் இதே அமைப்பு. 1880களிலேயே பிரெஞ்சு ஆட்சியின் கீழிருந்த பாகூரில் ஊற்றுக்கிணறு தோண்டியபோது பழுப்பு நிலக்கரி தட்டுப்பட்டது. அது ஒரு நிலவியல் குறிப்பாக ஏட்டில் தங்கிவிட்டது. அரை நூற்றாண்டு கழித்து நெய்வேலியில் அதே தண்ணீர் அதே துகளை மேலே கொண்டுவந்தபோது, அதை என்னவென்று கேட்டே தீர வேண்டும் என்று ஒரு நிலக்கிழாருக்குத் தோன்றியது. ஜம்புலிங்க முதலியார் அரசுக்கு எழுதினார், விடாமல் தொடர்ந்தார். பின்னர் திட்டத்துக்காகத் தன் நிலத்தையும் கொடுத்தார்.

அதன் பிறகு நடந்தவை நன்றாகப் பதிவானவை. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் சென்னை மாகாணம் நிலக்கரிக்கு வங்காளத்தையும் பீகாரையும் பார்த்துக் காத்திருந்தது. பின்னி நிறுவனம் 1940களின் தொடக்கத்தில் இங்கே துளையிட்டுப் பார்த்தது. இந்திய நிலவியல் ஆய்வுத்துறை தொடர்ந்தது. சுதந்திரத்தையொட்டிய ஆண்டுகளில் சென்னை அரசுக்காகச் சுரங்கப் பொறியாளர் எச்.கே. கோஷ் துளையிட்டு, ஏறத்தாழ 200 கோடி டன் கரி இருப்பதாகக் கணக்குச் சொன்னார். கரி இருப்பது உறுதியானாலும் எடுக்க முடியுமா என்பது தெரியவில்லை. கரிப்படுகைக்குக் கீழே அந்த ஊற்றுநீர் அழுத்திக்கொண்டு நின்றது. மேலே உள்ள மண்ணை வாரிவிட்டால் கீழிருக்கும் தண்ணீர் சுரங்கத் தளத்தைப் பிளந்துகொண்டு வரும். 1953இல் சோதனைக் குவாரி ஒன்று வெட்டிப் பார்த்த பிறகுதான், சுற்றிலும் குழாய்க் கிணறுகள் போட்டு நீரை இறைத்துக்கொண்டே இருந்தால் கரி எடுக்கலாம் என்று தெளிந்தது. பிரிட்டனின் பவல் டஃப்ரின் நிறுவனம் திட்ட அறிக்கை தந்தது. காமராஜர் முதலமைச்சராக இருந்த காலத்தில், 1956 நவம்பர் 14 அன்று நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் பதிவானது. 1957 மே 20 அன்று நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். 1961 ஆகஸ்டில் கரி முதன்முதலாகக் கண்ணில் பட்டது. 1962 மே மாதம் சோவியத் உதவியுடன் கட்டிய முதல் அனல் மின்நிலையத்தின் 50 மெகாவாட் அலகு ஓடத் தொடங்கியது. 1970இல் அந்த நிலையம் 600 மெகாவாட்டை எட்டியது.

இதில் ஒரு விஷயத்தைச் சுற்றுவட்டார விவசாயிகள் மறக்கவில்லை. கரியைக் காட்டிக்கொடுத்த தண்ணீர்தான் சுரங்கத்துக்கு முதல் பகையாயிற்று. இரவும் பகலும் அதை இறைத்துக் கொட்டினால்தான் சுரங்கம் உயிரோடு இருக்கும். தானாகப் பொங்கிய ஊற்றுகளை நம்பியிருந்த நிலங்களில் நீர்மட்டம் இறங்கியது. அதே வேளையில் சுரங்கத்திலிருந்து இறைத்த நீர் வாய்க்கால்களில் ஓடி வாலாஜா ஏரி, பெருமாள் ஏரிப் பக்கம் வேறு நிலங்களுக்குப் பாய்ந்தது. ஒரு பக்கத்துக் கிணறு காய்ந்தது, இன்னொரு பக்கத்து வயல் விளைந்தது. இந்தக் கணக்கை எந்த ஊரும் தனியாகப் போட்டுப் பார்த்துவிட முடியாது. நிலத்தடியில் எல்லைக்கல் இல்லை.

ஊர் ஏன் போக வேண்டியிருந்தது என்பதற்கும் கரியின் குணமே காரணம். பழுப்பு நிலக்கரியில் ஏறத்தாழப் பாதி ஈரம். வெளிக்காற்றில் உலர்ந்தால் உதிரும், குவித்து வைத்தால் தானே புகைந்து தீப்பிடிக்கும். வண்டியேற்றித் தொலைதூரம் அனுப்புவது கட்டுப்படியாகாது. எடுத்த இடத்திலேயே எரித்து மின்சாரமாக்கி அனுப்ப வேண்டும். கரி ஆழத்தில், சில இடங்களில் 50 மீட்டர், சில இடங்களில் 100 மீட்டர் வரை மண்ணுக்குக் கீழே கிடக்கிறது. ஒரு டன் கரிக்கு ஐந்தாறு கன மீட்டர் மண்ணை அள்ள வேண்டும். சுரங்கப்பாதை போட்டு அடியில் நுழைந்து எடுக்கும் கரி இல்லை இது. திறந்த வெளியாகத் தோண்டினால்தான் உண்டு. ஆகவே சுரங்கத்துக்கு நிலம், அள்ளிய மண்ணைக் கொட்ட நிலம், மின்நிலையத்துக்கு நிலம், சாம்பலுக்கு நிலம், வேலைக்கு வருவோர் தங்க நிலம். உரத் தொழிற்சாலையும் கரிக்கட்டி ஆலையும் வந்தன. அந்த ஆலையின் 'லெக்கோ' கரி ஒரு காலத்தில் தமிழ்நாட்டின் பல வீட்டு அடுப்புகளில் கனன்றது. கிராமங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரைபடத்திலிருந்து அகன்றன.

அப்போது நிலத்தை எடுத்தது 1894ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டத்தின் கீழ். வெள்ளைக்காரன் போட்ட சட்டம். சுதந்திர நாட்டில் 2013 வரை உயிரோடு இருந்தது. நிலத்துக்குச் சந்தை மதிப்பு, கட்டாயமாக எடுப்பதற்காக அதன் மேல் 15 சதவீதம். 1984 திருத்தத்துக்குப் பிறகுதான் அது 30 ஆனது. கொல்லைக் காட்டின் சந்தை மதிப்பு 1950களில் என்னவாக இருந்திருக்கும்? அடியில் கரி இருப்பது அந்த மதிப்பில் சேராது. அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. சட்டம் பட்டாதாரரைப் பார்த்தது. வாரத்துக்குப் பயிர் செய்தவர், கூலிக்குப் போனவர், ஆடு மாடு மேய்த்தவர், புறம்போக்கில் குடிசை போட்டவர் ஆகியோரை அது பார்க்கவில்லை. ஊரைக் காலி செய்யும்போது எல்லோரும்தான் காலி செய்தார்கள். நட்டஈட்டுப் பட்டியலில் எல்லோரும் இல்லை. ஒரு ஊரின் சாதி அடுக்கை நினைத்துப் பார்த்தால், யார் பட்டியலில் இருந்திருப்பார்கள், யார் இருந்திருக்க மாட்டார்கள் என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

நிலம் கொடுத்தவர்கள் போன இடத்துக்கு நெய்வேலியில் ஒரு சொல் உண்டு: மாற்றுக்குடியிருப்பு. ஆர்ச் கேட் அருகே இந்திரா நகர் பக்கம் போனால் 'பி-2 மாற்றுக்குடியிருப்பு' என்று பெயர்ப் பலகையிலேயே பார்க்கலாம். பட்டு, குப்பம், கொல்லை என்று முடிந்த ஊர்களிலிருந்து வந்தவர்களுக்குக் கிடைத்தது ஓர் எழுத்தும் ஓர் எண்ணும். நகரியத்துக்குள்ளும் எண்தான். அங்கே 'வட்டம்' என்றால் தாலுகா அல்ல, பிளாக். "எந்த வட்டம்?" என்று கேட்டு, வரும் எண்ணை வைத்தே குடியிருப்பையும் வேலைப் படியையும் ஓரளவு ஊகித்துவிடுவார்கள். நகரியத்தின் மேல் எனக்குக் குறையில்லை. பள்ளிகள், மருத்துவமனை, பூங்கா, 1998இல் தொடங்கிய புத்தகக் கண்காட்சி என்று ஒரு சிறு நகரம் தன் மக்களுக்குத் தரக்கூடியவற்றில் நிறையவே அது தந்திருக்கிறது. நாட்டின் பல மூலைகளிலிருந்தும் வந்தவர்களின் பிள்ளைகள் ஒரே தெருவில் வளர்ந்தார்கள். அவர்களுக்கு நெய்வேலிதான் சொந்த ஊர், அந்தப் பாசம் உண்மையானது. ஆனால் அந்தச் சொந்த ஊருக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட நகராட்சி மன்றம் கிடையாது. நிறுவனத்தின் நிர்வாகமே ஊரை நடத்துகிறது. பணி ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். 2001 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 1.27 லட்சமாக இருந்த நகரியத்தின் மக்கள்தொகை 2011இல் 1.06 லட்சம் அளவுக்குக் குறைந்தது. இங்கேயும் யாராலும் நிலையாக வேர்விட முடியவில்லை, பத்திரத்தில் அவர்கள் பெயர் இல்லை.

மாற்றுக்குடியிருப்புக்குப் போனவர்களின் பிள்ளைகள் என்ன ஆனார்கள்? சிலருக்கு நிரந்தர வேலை கிடைத்தது. பலர் ஒப்பந்தத் தொழிலாளர்களாகவும், 'இன்கோசர்வ்' கூட்டுறவுச் சங்கத்தின் வழியே 'சொசைட்டி தொழிலாளர்'களாகவும் அதே சுரங்கத்துக்குள் இறங்கினார்கள். கியூ பாலத்தருகே நடந்த போராட்டங்களில் பத்தாண்டுக் கணக்கில் திரும்பத் திரும்பக் கேட்ட கோரிக்கை பணி நிரந்தரம். 2020இல் மே மாதமும் ஜூலை மாதமும் இரண்டாம் அனல் மின்நிலையத்தில் பாய்லர் விபத்துகள் நடந்தன. உயிரிழந்தவர்களில் ஒப்பந்தத் தொழிலாளர்களும் இருந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் முதல் அனல் மின்நிலையம் 58 ஆண்டுகள் ஓடி நின்றது. சில ஊர்களைக் காலி செய்த தேவையின் ஒரு பகுதி அதோடு முடிந்துபோனது. நிலம் ஊராகத் திரும்பவில்லை, திரும்பவும் முடியாது.

நிலம் எடுப்பது நிற்கவில்லை. இரண்டாம் சுரங்கத்துக்கு 1978இல் ஒப்புதல் கிடைத்தது, பிறகு 1ஏ சுரங்கம் வந்தது. வரைபடத்தில் விளிம்பு தெற்கே நகர்ந்துகொண்டே போனது: கத்தாழை, கரிவெட்டி, மும்முடிச்சோழகன், வளையமாதேவி. கரிவெட்டி என்பது சுரங்கம் வந்த பிறகு வைத்த பெயர் என்றே கேட்பவருக்குத் தோன்றும். ஆனால் கரி வெட்ட வந்தவர்களுக்கு முன்பே அந்த ஊர் அந்தப் பெயரோடு அங்கே இருந்தது. 2023 ஜூலை 26 அன்று மேல்வளையமாதேவியில் பரவனாற்றை மாற்றிவிடும் கால்வாய்க்காக, கதிர் பிடிக்கும் பருவத்து நெற்பயிருக்குள் பொக்லைன் இறங்கியதைத் தமிழ்நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. அந்த நிலங்கள் பல ஆண்டுகளுக்கு முன்பே எடுக்கப்பட்டவை, பணமும் கொடுத்தாயிற்று என்று அரசும் நிறுவனமும் விளக்கின. காகிதத்தில் அது சரி. அறுவடை வரை பொறுக்க முடியாதா என்று சென்னை உயர்நீதிமன்றம் கேட்டது. சேதமான பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது. நிலத்தின் உரிமை கைமாறிய பிறகும் அங்கே ஒருவர் விதைத்துக்கொண்டிருந்தார் என்பதுதான் என் மனத்தில் நிற்கிறது. பத்திரம் போன பிறகும் ஊர் கொஞ்ச காலம் இருக்கத்தான் செய்கிறது. 1957க்குப் பின் வந்த ஆண்டுகளில் பழைய நெய்வேலியிலும் இப்படித்தான் ஏதோ ஒரு கொல்லையில் கடைசி மல்லாட்டையைப் பிடுங்கியிருப்பார்கள். அதைப் படம் பிடிக்கத் தொலைக்காட்சி இல்லை.

நெய்வேலியில் மண்ணை வாரும் ராட்சதச் சக்கர இயந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தவை. பழுப்பு நிலக்கரியைத் திறந்த சுரங்கத்தில் எடுக்கும் கலையில் ஜெர்மானியர்கள்தான் முன்னோடிகள். ஊர்களை அகற்றுவதிலும் அவர்களுக்கு நீண்ட அனுபவம் உண்டு. ரைன்லாந்தில் இம்மராத் என்ற ஊரின் பழைய தேவாலயத்தை 2018 ஜனவரியில் இடித்தார்கள். 2023 ஜனவரியில் ல்யூட்சராத் என்ற குக்கிராமத்தைக் காலி செய்யப் பெரும் போலீஸ் படையே வந்தது. கிழக்கே லவுசிட்ஸ் வட்டாரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்கள் சுரங்கத்துக்குப் பலியாயின. அங்கே ஹோர்னோ என்ற சிற்றூர் நீதிமன்றம் வரை போய்ப் போராடித் தோற்றது. ஊரார் ஃபோர்ஸ்ட் நகரை ஒட்டிய புது இடத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். அந்தப் புது இடத்தில் 2006இல் 'மறைந்த ஊர்களின் ஆவணக்காப்பகம்' ஒன்று திறந்தார்கள். அகற்றப்பட்ட ஒவ்வோர் ஊரின் பெயரும் அங்கே இருக்கிறது. போன ஊரைக் காப்பகத்தால் மீட்க முடியாது. ஆனால் அந்த ஊருக்கு ஒரு தொடக்கமும் முடிவும் இருந்தன என்பதற்குச் சாட்சி நிற்கிறது. ஜெர்மனியிலிருந்து இயந்திரத்தை இறக்குமதி செய்துகொண்ட நாம் இதையும் கற்றுக்கொண்டிருக்கலாம்.

கற்றுக்கொள்ள இன்னும் நேரம் இருக்கிறது, ஏனென்றால் மூலங்கள் இருக்கின்றன. நில அளவையும் வருவாய்த் தீர்வையும் நடந்த எந்தக் கிராமத்துக்கும் வரைபடமும் அ பதிவேடும் அடங்கலும் உண்டு. எந்தப் புல எண் நஞ்சை, எது புஞ்சை, எது மேய்ச்சல் புறம்போக்கு, ஏரி எங்கே, சுடுகாடு எங்கே, சேரிக்குப் போகும் பாதை எது என்பதெல்லாம் அவற்றில் இருக்கும். நில எடுப்பு ஆவணங்களில் நட்டஈட்டுக்காகக் கிணறுகளையும் மரங்களையும் எண்ணி எழுதுவார்கள். ஒரு ஊரின் பலாவும் பனையும் எத்தனை என்று அவ்வளவு துல்லியமாக வேறு எந்த வரலாற்று நூலும் சொல்லாது. கோயில்களும் சாட்சிதான். நகரியத்தின் வட்டங்களுக்கு நடுவே வில்லுடையான்பட்டு சிவசுப்பிரமணியர் கோயில் நிற்கிறது. வேலுடையான்பட்டு என்று சொல்வோரும் உண்டு. ஊர் எண்ணாக மாறிய பிறகும் சாமி பழைய ஊரின் பெயரை விடவில்லை. பங்குனி உத்திரத்தன்று சுற்றுவட்டாரமே காவடியோடு அங்கே திரள்கிறது. சுரங்கத்துக்கு முந்திய ஊரின் பெயரை ஆயிரக்கணக்கானோர் ஒரே நாளில் உச்சரிக்கும் தருணம் அது.

ஆவணத்தில் இல்லாதவற்றை மனிதர்களிடம்தான் கேட்க வேண்டும். நேரு வந்து தொடங்கிவைத்தபோது பத்து வயதுப் பிள்ளையாக இருந்தவருக்கு இன்று எண்பது நெருங்குகிறது. மாற்றுக்குடியிருப்புகளின் திண்ணைகளில் அவர்கள் இருக்கிறார்கள். ஒலிப்பதிவுக் கருவியோடு ஒரு கல்லூரி மாணவர் போய் உட்கார்ந்தால் போதும். ஊர் ஏரி எந்தப் பக்கம் இருந்தது, மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றியது எந்த மாதம், ஊற்றுக்கிணற்றில் தண்ணீர் எவ்வளவு உயரம் பொங்கியது, யார் வீட்டுப் பலா இனித்தது, மேளம் அடித்தவர் குடும்பம் எங்கே போனது, வண்டியில் சாமான் ஏற்றிய அன்று வீட்டுக் கதவைக் கழற்றி எடுத்துக்கொண்டார்களா இல்லையா என்று கேட்க வேண்டும். நெய்வேலியின் முதல் அத்தியாயம் அவர்களிடம்தான் இருக்கிறது.